பதினோராவது கீரை

நியூ ஆர்லியன்ஸ், ஏழாம் வட்டாரம்
ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நொயேமிக்கு உன் மாமா ஆக்டேவ் எழுதுவது. இங்கே நான் நலம், கடை அடுப்படியில் எனக்குக் கைகொடுக்கிற ஓடில் அக்கா நலம், அவளுடைய வாய் இரண்டு மடங்கு நலம், என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன் தனியாக அறிக்கை விட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே அலாஸ்காவில் நீயும் உன் பத்து விரல்களும் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அம்மா கண்ணை மூடுமுன் உன்னை என் கையிலும் க்ளோத்தில் அத்தையின் இடுப்பிலும் ஒப்படைத்தபோது உனக்குப் பல்கூட முளைக்கவில்லை, அப்போதே நீ என் மூக்கைக் கடித்தாய், அந்தப் பெண் இன்று பனிக்கரடிகளுக்கு நடுவே ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறாள் என்று தபால்காரரிடம் சொன்னேன். கரடிகளுக்கா என்று கேட்டார். ஆமாம், வரிசையில் நிற்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவர் எப்போதாவது போன் செய்து விசாரித்தால் மாமாவின் மானத்தைக் காப்பாற்று.

இப்போது கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார். நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் பிறந்த எவரும் நம்பப்போவதில்லை என்று கம்போ அண்டாவின் மூடியில் கை வைத்து முழு மனதோடு சத்தியம் செய்கிறேன். பெரிய வியாழன் எப்படிப் போயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, பிரமாதம், விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன் அல்லவா. போனில் நான் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே நீ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நம் சாப்பாட்டுக் கடையின் நிலவரம் உனக்கு ஓரளவு தெரியும். போன ஜூனில் அத்தையைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே போனது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், இத்தனை வருஷமும் அடுப்படியில் அவள் சமைத்தாள், முன்பக்கம் நான் பேசினேன், வந்தவர்கள் என் பேச்சுக்காக வருகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பேச்சு மட்டும் இருக்கிறது, ஜனம் இல்லை. காலையில் மேசைகளைத் துடைக்கிறேன், மத்தியானம் யாரும் தொடாத அதே மேசைகளை மறுபடி துடைக்கிறேன். மூலையிலிருக்கிற நாற்காலி ஒன்று நல்ல ரசிகர், என் கதைக்கு நடுவில் எழுந்து போவதே இல்லை. காபி போடும்போது கை தானாக இரண்டு கோப்பையை எடுத்துவிடுகிறது. ஓடில் அக்கா அதைப் பார்ப்பாள், அந்த இரண்டாவது கோப்பையை எடுத்துக் குடித்துவிடுவாள். அவளுக்குக் காபி ஒத்துக்கொள்ளாது, உனக்குத் தெரியும்.

முதலில் கழன்றது ஆல்சிட். எதிர்வீட்டு ஆல்சிட், பாதி ஊருக்குச் சுவர் பூசிய கை, ஜன்னலோர மேசையில் தினமும் மத்தியானம் வந்து உட்கார்ந்துவிடுவாரே அவர்தான். அடக்கம் முடிந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் வைத்த இறால் கம்போக் குழம்பை ஒரு வாய் எடுத்தார், கரண்டியைக் கீழே வைத்தார், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “மாவு கருகியிருக்கு ஆக்டேவ், க்ளோத்தில் உயிரோட இருந்தா இதை நாய்க்குக்கூட ஊத்த மாட்டா” என்றார். எனக்கு வந்ததே கோபம். “அப்ப நீ நாயைவிட ஒசத்தின்னு யார் உனக்குச் சொன்னது” என்று கேட்டுவிட்டேன். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு ரோட்டைத் தாண்டவில்லை. நாள் முழுக்கத் தன் வீட்டு வாசற்படிப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நம் கதவையே பார்த்து உட்கார்ந்திருப்பார். என் காலி மேசைகளை எண்ணிச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து நானும் ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிட்டேன்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். பெரிய வியாழக்கிழமை கீரைக் கம்போ வைப்பது, அன்று சாயங்காலத்துக்குள் அண்டாவின் அடி தெரிந்தால் கடையை நடத்துவது, தெரியாவிட்டால் ஈஸ்டர் திங்கட்கிழமை காலையில் கட்டடச் சொந்தக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியோடு சண்டை போடுவது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் லீவு கேட்டு, கிடைக்காமல், அழுது, கரடிக்குத் தப்பான இடத்தில் ஊசி போட்டிருப்பாய்.

கீரைக் கம்போவின் சட்டம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், பல மாதமாக நாற்காலிகளுக்கு மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் பெரிய வெள்ளிக்கு இறைச்சி கிடையாது என்பதால் வியாழனன்றே வீட்டிலுள்ள அத்தனை இறைச்சியும் அண்டாவுக்குள் போக வேண்டும், அதோடு கீரைகள். எத்தனை வகைக் கீரையோ அந்த வருஷம் அத்தனை புது நண்பர்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும், இரட்டைப்படை விழுந்தால் அந்தச் சட்டியை நம் ஜனங்களில் ஒருவரும் தொட மாட்டார்கள். அத்தைக்கு எப்போதும் ஒன்பது. நான் பேராசைக்காரன், தொண்ணூற்று ஒன்பது போட்டு ஊரையே நண்பனாக்கிவிடலாம் என்று நினைத்தேன், ஓடில் அக்கா கரண்டியைக் காட்டியதும் ஒன்பதுக்கு இறங்கி வந்தேன். ஆனால் அத்தையின் ஒன்பதில் மிளகுப்புல்லும் ஒன்று. அது முளைப்பது ஆல்சிட் வீட்டு வாசற்படி ஓரத்தில். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன்னைத்தான் பறித்துவர அனுப்புவாள். இந்த வருஷம் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் விற்கிற லெட்டூஸை வாங்கிக் கணக்கை நிரப்பினேன். ஓடில் அக்கா அந்த லெட்டூஸைப் பார்த்த பார்வையில் அது பாதி வாடிவிட்டது.

வியாழன் காலை கம்போவைக் கெட்டியாக்குகிற மாவை வறுத்தேன். இங்கேதான் நீ நம்பாத முதல் அதிசயம். மாவு ஏன் கருகுகிறது என்று யோசித்து யோசித்து ஒரு நாள் காரணத்தைக் கண்டுபிடித்தேன், கிண்டும்போது பேசுகிறேன், பேசும்போது கை நிற்கிறது. அதனால் அன்று எண்ணெயில் மாவைப் போட்டதிலிருந்து அது பெக்கான் கொட்டையின் பழுப்பு நிறத்துக்கு வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து என்னைத் தூக்கிய நாள் முதல் இவ்வளவு நேரம் நான் வாயை மூடியிருந்தது கிடையாது. தெருவில் குருவிகள் கத்துவதை நிறுத்திக்கொண்டன. ஓடில் அக்கா பயந்துபோய் என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி, “ஏப்பா, வாய் கோணிக்கிச்சா, ஆம்புலன்ஸைக் கூப்பிடவா” என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். “எந்தப் பக்கம் கோணியிருக்கு, காட்டு” என்றாள். மாவு கருகவில்லை நொயேமி. அந்த வாசனை வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று. யாரும் இல்லை.

அப்புறம்தான் வினை. கீரைகளைக் கழுவும்போது பீட்ரூட் தழை அழுகியிருந்தது தெரிந்தது. தூக்கி எறிந்தேன், கணக்கு எட்டாயிற்று. ஓடில் அக்காவிடம் சொன்னால் சந்தையில் கண்ணைத் திறந்து வாங்கத் தெரியாதா என்று ஈஸ்டர் வரை பேசுவாள் என்பதால், அவள் வெங்காயம் எடுக்கப் போன சமயம் பார்த்து நீர்க்கீரை ஒரு கட்டைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டேன். ஒன்பது சரியாயிற்று என்று நிம்மதி. அவளோ வந்தவள் பாத்திரத்தில் பீட்ரூட் தழை இல்லாததைப் பார்த்திருக்கிறாள், இவன் மறந்துவிட்டான், க்ளோத்தில் இல்லாத முதல் பெரிய வியாழன், சொன்னால் மனசு உடைந்துபோகும் என்று நினைத்து, நான் இறைச்சி வெட்டத் திரும்பியபோது தன் வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுவந்த புளிச்சக்கீரையை உள்ளே போட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிவிட்ட பெருமையோடு ஆளுக்கொரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தோம்.

கதவு திறக்கப் போகும் நேரத்தில் அவள் ஒரு சொட்டைக் கையில் விட்டு ருசி பார்த்து, “நல்லா வந்திருக்குப்பா, நல்லவேளை அந்தப் புளிச்சக்கீரையைப் போட்டேன்” என்றாள். “என்ன புளிச்சக்கீரை?” என்றேன். “பீட்ரூட் தழைக்குப் பதிலா.” “பீட்ரூட் தழைக்குப் பதிலாத்தான் நான் நீர்க்கீரை போட்டுட்டேனே.” அண்டாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் பத்து. இரண்டு பேரும் வாயால் எண்ணினோம், விரலால் எண்ணினோம், ஒன்றையே இரண்டு தடவை எண்ணிப் பதினொன்றாக்கப் பார்த்தேன், அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. “போன வருஷம் ஒன்பதும் சரியாத்தானே இருந்துச்சு அக்கா, என்ன ஆச்சு?” என்று கத்திவிட்டேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “அதுக்காக இந்த வருஷம் பத்துல விட முடியுமா, போ, போய்ப் பறிச்சிட்டு வா” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. சாலை நடுப் புல்தரையை முனிசிபாலிட்டி மெஷின் போன வாரமே மழித்துவிட்டது, கடையில் இருந்த பச்சை எல்லாம் உள்ளே போய்விட்டது, பச்சையாக மிச்சம் இருந்தது நம் கதவின் பெயின்ட் மட்டும்தான்.

உன் மாமா ரோட்டைத் தாண்டிய காட்சியை வரலாறு மறக்காது. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்று வழிவிட்டன, மேகம் விலகியது, என் ஏப்ரன் சக்கரவர்த்தியின் அங்கிபோல் பின்னால் ஒரு தெரு நீளத்துக்குப் பறந்தது. ஆல்சிட் நாற்காலியை விட்டு அசையவில்லை. “என்ன ஆக்டேவ், எண்ணிக்கை தப்பிடுச்சா?” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். “பெரிய வியாழக்கிழமை, கடை திறக்கிற நேரத்துல, ஏப்ரனோட ரோட்டைத் தாண்டி வர்றவன் வேற எதுக்கு வருவான். எட்டா, பத்தா?” “பத்து.” “மடையா.” “நான் மட்டும் இல்ல, ஓடிலும்தான்.” “அப்ப ரெண்டு மடையங்க, அதான் இரட்டைப்படை” என்று சொல்லிவிட்டு மெதுவாக எழுந்து நாற்காலியைத் தள்ளி வைத்தார். அதற்குக் கீழே மிளகுப்புல், முழங்கால் உயரம், வெள்ளைப் பொடிப் பூவோடு. சுற்றிலும் மொட்டையாக வெட்டிய தரை, நாற்காலியின் நாலு காலுக்கு நடுவில் மட்டும் ஒரு கட்டம் பச்சை. “புல்லு வெட்டுறவன் வந்து எந்திரிங்க சார்னான், முடியாதுன்னேன். போலீஸைக் கூப்பிடுவேன்னான். கூப்பிடு, அவருக்கும் உள்ள ஒரு நாற்காலி இருக்குன்னேன்” என்றார். எதுக்குய்யா இந்த வம்பு என்றேன். அவர் குனிந்து பறித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “க்ளோத்தில் வருஷாவருஷம் வந்து பறிப்பாள்ல. இந்த வருஷம் யாராவது வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். நான் இழுத்து விட்ட திரைக்கு அந்தப் பக்கம் இந்த மனுஷன் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். பறித்ததைத் தன் தொப்பியில் போட்டு என் கையில் கொடுத்தார், தொப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை, அதற்குப் பின்னாலேயே அவரும் நடந்து வந்தார்.

பதினோராவது கீரை அண்டாவில் விழுந்த நொடியில் எழுந்த வாசனை இருக்கிறதே, அது ஏரியைத் தாண்டிப் போயிற்று. ஆற்றில் ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன் மூக்கைப் பின்தொடர்ந்து கரையில் ஏறிவிட்டார். வரிசை நம் கதவில் தொடங்கி ஆற்றங்கரை வரை போய், படகில் ஏறி, அக்கரையில் இறங்கியும் நின்றது, பத்தாயிரம் பேர். பித்தளை வாத்தியங்களோடு போய்க்கொண்டிருந்த ஒரு சவ ஊர்வலம் நம் வாசலில் நின்றுவிட்டது, இறந்தவரே அவசரமில்லை என்று சொன்னதாக டிரம்பெட்காரர் என்னிடம் தெரிவித்தார். டிராம்போன் வாசிப்பவர் குழலை நீட்டி நேராக அண்டாவிலிருந்தே உறிஞ்சினார். பெலிக்கன் பறவைகள் அலகில் வாங்கிக்கொண்டு பார்சல் என்று சொல்லிப் பறந்தன. அண்டாவைக் கிண்ட ஓடில் அக்காவை ஒரு தோணியில் ஏற்றி உள்ளே இறக்க வேண்டியதாயிற்று, துடுப்பு போட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள்.

அந்தப் பத்தாயிரத்தைப் பற்றி ஒரு சிறு திருத்தம். கடைசியில் இருக்கும் பூஜ்யத்தை எடுத்துவிடு, மழை பிடித்துக்கொண்டது, கொஞ்சம் பேர் கலைந்துவிட்டார்கள். இன்னொரு பூஜ்யத்தையும் எடு, ஊர்வலத்தை எப்படி எண்ணுவது என்பதில் எனக்கும் ஓடில் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு. மூன்றாவதையும் எடு. நான்காவதையும் எடுத்துவிடு நொயேமி. மிச்சம் என்ன இருக்கிறதோ அவ்வளவுதான் வந்தது.

ஜன்னலோர மேசையில் ஆல்சிட்டை உட்காரவைத்துக் கிண்ணத்தை வைத்தேன். ஓடில் அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். மழைச் சத்தமும் கரண்டிச் சத்தமும்தான். பாதிக் கிண்ணம் தாண்டியதும், “மாவு கருகல” என்றார். நான் பேசவில்லை, அன்றைக்கு இரண்டாவது தடவை. “ஆனா க்ளோத்தில் செஞ்சது இல்ல” என்றார். “இல்லதான்” என்றேன். இத்தனை மாதத்தில் அதை நான் வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அப்போதுதான், சொன்னதும் அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது அண்டாவின் அடி தெரியவில்லை, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, ஃப்ரீசரில் இப்போது அதற்கே இடம் போதவில்லை. என் தீர்மானப்படி சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் ஆல்சிட் போகும்போது படியில் நின்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, “திங்கக்கிழமை பீன்ஸ் உண்டுல்ல?” என்று கேட்டார். யோசிக்குமுன் உண்டு என்று வாய் சொல்லிவிட்டது. வாய் எப்போதும் இப்படித்தான் என்னை மாட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசிவிட்டுச் சிவப்பு பீன்ஸை ஊறப்போட்டேன், நேற்று வந்து சாப்பிட்டார், உப்பு குறைவு என்றார், நாளைக்கு என்ன என்று கேட்டார். கட்டடக்காரருக்கு வேறு ஏதாவது சாவி வேண்டுமானால் பார்க்கலாம்.

பதினொரு கீரைக்குப் பதினொரு நண்பர்கள் வர வேண்டும், ஒருவர் வந்திருக்கிறார், மிச்சம் பத்துப் பேரைத் தேடி வழியிலெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ வர முடியவில்லை என்று வருத்தப்படாதே, வா என்று நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். உன் அறையில் பெட்டிகளைப் போட்டு வைத்திருந்தேன், முழங்காலுக்கு உடற்பயிற்சி என்று நேற்று அவற்றை வெளியே எடுத்துவிட்டேன், வேறு காரணம் இல்லை. அத்தை இருந்தால் சொல்வதை நானே சொல்லிவிடுகிறேன், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியாகப் போடு, நின்றுகொண்டே சாப்பிடாதே, அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற கிழவர் யாராவது கண்ணில் பட்டால் எதிர் நாற்காலி காலியா என்று கேள். மாவு வறுக்கும்போது போனை எடுக்காதே, என்னுடைய போனாக இருந்தாலும். மாதா உன்னை எப்போதும் தன் கண்ணிலேயே வைத்திருக்கட்டும், உன் கையால் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும், கரடிகள் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, மூச்சைக் கவனிக்காமல் பேசு. கதையில் கப்பல் பொய், பெலிக்கன் பொய், தோணி பொய், இறந்தவர் பேசியது பாதிப் பொய், உன் மாமாவின் ஏப்ரன் முழங்காலைத் தாண்டியதே இல்லை. ஒரு கைப்பிடி மிளகுப்புல் மட்டும் நிஜம். நம்பிக்கை இல்லாவிட்டால் உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்.

என்றும் உன்,
ஆக்டேவ் மாமா
(கதவு திறந்துதான் இருக்கிறது என்று ஓடில் அக்கா எழுதச் சொல்கிறாள்)